இருபத்தாறு நாம, ஐந்து நாங்க

"சாவிய ஆணியில மாட்டியிருக்கேன். உங்க வீட்டுச் சாவி."

அண்ணி சாதாரணமாகத்தான் சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சொல்லிவிட்டு அடுப்பு மேடையை ஈரத் துணியால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இழுத்துத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த மேடைதான்.

வாசலில் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பதினான்கு வருடங்களில் அந்தச் சாவி 'நம்ம வீட்டுச் சாவி'யாகவே இருந்திருக்கிறது. தொலைந்துபோன நாளில்கூட, "நம்ம வீட்டுச் சாவிய எவன் முழுங்கினானோ" என்றுதான் அண்ணி திட்டினார். போன சனிக்கிழமை, 'உங்க ஃபிரிட்ஜ்'. நேற்று, 'உங்க பொண்ணு'. இன்றைக்குச் சாவி.

அவள் பையில் எப்போதும் கையகல நோட்டு ஒன்று இருக்கும். தேதி போட்டு, காதில் விழுந்த வார்த்தைகளைக் குறித்துவைப்பது மாலைக் கல்லூரியில் பழகிய பழக்கம். முதல் இரண்டு 'உங்க'வும் அதில் ஏறியிருந்தன. ஏன் என்ற கேள்விக்கு எதிரே மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

அண்ணி என்றால் அவள் கணவனின் அக்கா. தாயில்லாத தம்பியைத் தன் பதினாறாவது வயதிலிருந்து வளர்த்து ஆளாக்கியவர். தனக்கென்று கல்யாணம், குடும்பம் என்று எதையும் தேடிக்கொள்ளாதவர். காலையில் நான்கு பேருக்கும் சமைப்பதும், பள்ளி விட்டு வரும் பெண்ணைப் பார்த்துக்கொள்வதும், வீட்டைக் கட்டிக் காப்பதும் அவர்தான். அந்தத் தைரியத்தில்தான் இவள் பகலில் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையிலும், வாரத்தில் மூன்று மாலை கல்லூரி பெஞ்சிலும் உட்கார முடிந்தது.

"என்னக்கா, ஏதாச்சும் கோபமா?" என்றான் கணவன். லிஃப்ட் மெக்கானிக். ஒரு காலில் ஷூவும் மறு காலில் சாக்ஸுமாக ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கென்னப்பா கோபம். கோபப்பட நான் யாரு?"

"பாத்தியா, இதுதான் கோபம்."

அண்ணி துணியைப் பிழிந்து கம்பியில் போட்டார். பிறகு திரும்பி, மூவரையும் பொதுவாகப் பார்த்துச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை நான் கெளம்பறேன். வேலைக்குப் போற பொம்பளைங்க தங்கற விடுதியில இடம் சொல்லியாச்சு. பழைய கம்பெனியிலயும் கேட்டேன். நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க."

மேசையில் பெண்ணின் கரண்டி நின்றது. பதினொரு வயதுக்காரி. "அத்தை... அப்ப சாயங்காலம் எனக்கு யாரு?"

அண்ணியின் கை அவள் தலைக்குப் போய்ப் பாதியில் நின்றது. "உனக்கென்னடா பொடிசு. அம்மா இருக்காங்க, அப்பா இருக்காங்க."

"விளையாடாதக்கா," என்றான் கணவன். அவனும் ஃபோனைக் கீழே வைத்துவிட்டான். "விடுதியா? இந்த வயசுலயா? ஊர் என்ன பேசும்?"

"ஊருக்கு என்னைத் தெரியாதுப்பா. உன்னைத்தான் தெரியும்."

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பேருந்து நிறுத்தம் வரைக்கும் கால் தானாக நடந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் இறுதித் தொகுப்பைக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு பரீட்சை. 'ஆங்கிலமும் எழுத்தும்' என்ற மூன்று வருடப் பட்டப்படிப்பு அத்தோடு முடிகிறது. பத்தொன்பது வயதில் இதே படிப்பில் சேர்ந்து, அப்பா படுக்கையில் விழுந்ததும் பாதியில் விட்டவள் அவள். முப்பத்து மூன்றில் திரும்பவும் சேர்ந்து, முப்பத்தாறில் கரை தெரிகிற நேரம். அண்ணி போய்விட்டால் மாலையில் பெண்ணைத் தனியே விட முடியாது. கணவனுக்கு எந்த நேரத்தில் எந்தக் கட்டிடத்திலிருந்து அழைப்பு வரும் என்று அவனுக்கே தெரியாது.

பேருந்தில் உட்கார்ந்ததும் நோட்டை எடுத்து எழுதினாள்: 'அண்ணி போகிறேன் என்றார். எனக்கு முதலில் தோன்றியது படிப்பு. இரண்டாவதாகத்தான் அண்ணி. இது சரியில்லை.'

எழுதிய பிறகும் மனம் லேசாகவில்லை.

*

அன்று மாலை வகுப்பு இருந்தது. மொத்தம் பதினேழு பேர். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி கடைசி பெஞ்சில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவாள். வங்கிக் காவலாளி ஒருவர் எல்லோரையும்விட நன்றாக எழுதுவார். வாசிக்கச் சொன்னால் மட்டும் தொண்டை அடைத்துக்கொள்ளும். பாடம் எடுக்கும் ஆசிரியைக்கு வகுப்பு வைத்த பெயர் 'ஓரம் மேடம்'. பாராட்டோ திட்டோ, எதையும் வாயால் சொல்ல மாட்டார். தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுவார்.

அவளுடைய ஆங்கிலக் கட்டுரை போன வெள்ளிக்கிழமைதான் கல்லூரி ஆண்டு மலரில் அச்சாகி வந்திருந்தது. தங்கள் வீடு அறை அறையாக எழும்பிய கதை. தொகுப்பில் அதுதான் முதல் கட்டுரை. திருத்தம் பார்த்துத் திரும்பி வந்த தாளில் முதல் பத்தியின் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி இருந்தது.

யார் இந்த 'வீ' (we)?

"புரியலயே மேடம்," என்று வகுப்பு முடிந்ததும் போய் நின்றாள். "'வீ'ன்னா எல்லாரும்தான். வீட்டுல இருக்கறவங்க."

"எல்லா எடத்துலயும் அதே ஆளுங்கதானா?"

"ஆமா மேடம்... அப்படித்தான் நெனைக்கறேன்."

"நெனைக்காதீங்க. எண்ணிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

அவ்வளவுதான். வேறு நாளாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து எண்ணியிருப்பாள். அன்றைக்கு அவள் சொன்னது வேறு. "மேடம், நான் வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வர முடியாமப் போகலாம். வீட்டுல கொஞ்சம்..."

ஓரம் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கே," என்றார். வாயால் அவர் சொன்ன ஆறுதல்களில் அதுதான் நீளமானதாக இருக்கும்.

*

மறுநாள் அவள் ஐந்தரைக்கே வீடு வந்தபோது அண்ணி இல்லை. பதினொரு வருடங்களாக அண்ணி உள்ளே இருந்து திறந்த கதவை அன்றைக்குக் கணவன் திறந்தான். சீக்கிரமே வந்துவிட்டிருந்தான். கூடத்தில் பெண், வீட்டுப் பாடத்தோடு.

"நீ ஏதாச்சும் சொன்னியா அவங்கள?"

"நான் என்ன சொல்லப் போறேன்?"

"யோசிச்சுப் பாரு. படிப்பு அவசரத்துல எதையாச்சும் சொல்லியிருப்ப. எனக்கு அம்மா மொகமே சரியா ஞாபகம் இல்ல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அக்காதான். அவங்க இந்த வீட்ட விட்டுப் போறாங்கன்னா..." அவன் முடிக்கவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குப் பரவாயில்லை. தரையைப் பார்த்துப் பேசினான். "மூணு வருஷமா உன் படிப்புக்கு இந்த வீடே பல்லக்குத் தூக்கிச்சு. நான் ஒரு வார்த்த சொன்னதில்ல. ஆனா பல்லக்குல இருக்கறவங்களுக்குத் தூக்கறவங்க தோள் தெரியாது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏனென்றால் அது தன்னிடம் தானே கேட்டுக்கொண்ட கேள்வி. நோட்டில் இருந்த பழைய பக்கங்களையெல்லாம் அவள் புரட்டிப் பார்த்தாயிற்று. தான் சொன்ன ஒரு கடுஞ்சொல்கூட அகப்படவில்லை. அப்படியானால் எழுதாமல் விட்ட ஏதோ ஒன்றா?

பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்த பெண் மெல்லச் சொன்னாள். "அம்மா... நான் ஒண்ணு சொல்லட்டுமா? அத்தை சொல்லக்கூடாதுன்னாங்க."

"என்னடா?"

"உன் புக்கு வந்துச்சுல்ல, வெள்ளிக்கிழமை? 'உங்கம்மா நம்ம வீட்டப் பத்தி எழுதியிருக்காளாமே, எனக்கும் என்னன்னு தெரியணும். படிச்சுட்டு அவள அசத்தணும், சொல்லிடாத'ன்னு சொன்னாங்க. எனக்கு அவ்ளோ இங்கிலீஷ் தெரியாதா, அதனால ஃபோன்ல... படம் புடிச்சா அதுவே தமிழ்ல படிக்கும்ல, அதுல போட்டுக் குடுத்தேன். அத்தை தனியா உக்காந்து கேட்டாங்க. ரெண்டு தரம் கேட்டாங்க."

"கேட்டுட்டு?"

"புக்க எடுத்த எடத்துலயே வெச்சுட்டாங்க. 'நல்லா எழுதியிருக்கா உங்கம்மா'ன்னாங்க."

அவள் மலரை எடுத்து விரித்தாள். பெண் ஃபோனை அதன்மேல் பிடித்தாள். ஒரு நொடி கழித்து ஃபோனுக்குள்ளிருந்த பெண் குரல், மூச்சே விடாமல், தெருப் பெயரை அறிவிப்பது போல வாசிக்கத் தொடங்கியது.

"எங்கள் வீடு. நாங்கள் இந்த வீட்டை ஒவ்வொரு அறையாகக் கட்டினோம். நாங்கள் சுவர்களுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினோம். மழை வந்தபோது நாங்கள் ஒரே தார்ப்பாயின் கீழ் நின்றோம். அவள் சமைத்தாள். அவள் கதவைத் திறந்தாள். அவள் எப்போதும் அங்கே இருந்தாள்."

கணவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "என்ன எழுதி வெச்சிருக்க? சுவருக்குத் தண்ணி ஊத்தினது அக்கா. ஒரு மாசம், ரெண்டு வேளையும், கொடம் கொடமா. நாம ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டோம்."

"நான் அப்படி எழுதலங்க."

"ஃபோன் பொய்யா சொல்லும்?"

"ஃபோனுக்குத் தெரியாதுங்க," என்றாள். "இங்கிலீஷ்ல ஒரே ஒரு 'வீ'தான். நாம, நாங்க ரெண்டுக்கும் அது ஒண்ணுதான். நான் நாமன்னு நெனச்சு எழுதினேன். இது நாங்கன்னு படிக்குது. அவங்களையும் சேத்து எழுதினத, அவங்களத் தள்ளி வெச்சுப் படிக்குது."

ஃபோன் தன்பாட்டில் வாசித்துக்கொண்டிருந்தது. "நாங்கள் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அவள் சிரித்தாள்."

அவள் அதை நிறுத்தினாள். முப்பது வருடத்துக்கு மேல் தம்பியே கதி என்று இருந்த பெண், தன் வீட்டைப் பற்றிய எழுத்தைக் கேட்க ஆசையாய் உட்கார்ந்து, 'நாங்கள்' 'நாங்கள்' என்று ஒவ்வொரு வரியிலும் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார். போதாக்குறைக்கு 'அவள்' வேறு. வயதில் மூத்தவரை அவள், இவள் என்று.

அப்போது வாசற்கதவு திறந்தது. அண்ணி உள்ளே வந்தார். விரல்களில் நீலச் சுண்ணக்கட்டித் தூள். முதல் நாள் வேலை. முகத்தில் களைப்பு இருந்தது. களைப்புக்குக் கீழே வேறு ஏதோ ஒரு தெளிவும் இருந்தது.

"அண்ணி..." என்று எழுந்தாள் அவள்.

"சாப்பிட்டுட்டேன்ம்மா. எனக்கு வைக்காத."

ஓடிப்போய்க் கையைப் பிடித்து, எல்லாம் 'நாம'தான் அண்ணி, ஃபோன்தான் தப்பு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் ஓரம் மேடத்தின் குரல் குறுக்கே வந்தது. எல்லா இடத்திலும் அதே ஆட்கள்தானா? அவள் இன்னும் எண்ணவில்லை. எண்ணாமல் எப்படிச் சத்தியம் செய்வது?

*

வியாழக்கிழமை காலை, முதல் நோயாளி வருவதற்கு முன்பே மருத்துவமனை மேசையில் உட்கார்ந்து மலரைப் பிரித்தாள். சிவப்புப் பேனா. ஒவ்வொரு 'வீ'யின் தலைக்கு மேலும் தமிழில் எழுதிக்கொண்டே வந்தாள். நாம. நாம. நாம. பல்லைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். அவருக்கு நேரம் குறித்துக் கொடுத்துவிட்டு, மறுபடி நாம. சுவருக்குத் தண்ணீர் ஊற்றியது, தார்ப்பாய்க்குக் கீழே நின்றது, கதவுக்கு நிறம் தேர்ந்தெடுக்கச் சண்டை போட்டது, எல்லாம் நாம. அவளுக்கு மனம் லேசாகிக்கொண்டே வந்தது.

மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றது.

'வீ' எங்கள் பெண்ணுக்குப் பெயர் வைத்தோம்.

அவள் அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில். கணவனும் அவளுமாகப் பேசி முடிவு செய்து, படிவத்தில் எழுதிக் கொடுத்த பிறகுதான் அண்ணி ஃபிளாஸ்க்கோடு உள்ளே வந்தார். "பேரு எழுதிட்டோம் அண்ணி" என்று இவள் சொன்னாள். அண்ணி, "அப்படியா, நல்ல பேரு" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பெயரைச் சொல்லி அவர் ஒரு நாளும் குழந்தையைக் கூப்பிட்டதில்லை. பொடிசு. அத்தைக்குச் செல்லம் அதிகம் என்று எல்லோரும் சிரித்துக்கொண்டார்கள்.

அவள் மெதுவாக எழுதினாள். நாங்க.

அதற்குப் பிறகு கை எளிதாக ஓடவில்லை. ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று பார்த்தாள். மாடியறை நாங்க. அடுக்களைக்குப் பக்கத்து அறை அண்ணிக்கு வசதி என்று முடிவு செய்தபோது அண்ணி அங்கே இல்லை. கடற்கரையில் மூன்று நாள் நாங்க. வீட்டுக்குக் காவல் அண்ணி. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம், ஒரு நாள் 'வீ' நிம்மதியாகத் தூங்கினோம் என்று எழுதியிருந்தாள். தூங்கியது நாங்க. விழித்திருந்தது யார் என்று கட்டுரையில் இல்லவே இல்லை.

ஐந்தாவது, எல்லாவற்றையும்விடச் சின்ன வரி. அண்ணி வேலையை விட்டு வீட்டோடு இருப்பது நல்லது என்று 'வீ' நினைத்தோம்.

அண்ணி சீருடை தைக்கும் தொழிற்சாலையில் துணி வெட்டுபவராக இருந்தவர். பதினொரு வருடம் முன்பு. நினைத்தது இரண்டு பேர். அடுத்த அறையில், தாழ்ந்த குரலில். மறுநாள் காலை அதைக் கேள்வி மாதிரிக் கேட்டார்கள்.

மொத்தம் முப்பத்தொன்று. இருபத்தாறு நாம. ஐந்து நாங்க. இரண்டு தடவை எண்ணினாள். மூன்றாம் தடவையும் எண்ணிவிட்டு, மதிய இடைவேளையோடு அரை நாள் விடுப்பும் கேட்டுக்கொண்டு கிளம்பினாள்.

*

தொழிற்சாலை வாசலில் ஒருவர் மறித்தார். "யாரும்மா வேணும்?"

"நேத்து புதுசா சேந்தாங்களே... கட்டிங்ல..."

"மாஸ்டரா? உள்ள போங்க. கடைசி மேசை."

மாஸ்டர். அவள் அந்த வார்த்தையை மனதுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கூடத்தின் நீளத்துக்கு ஒரு மேசை. அதன்மேல் நாற்பது அடுக்காக விரித்த சாம்பல் நிறத் துணி. மேலே காகித அளவுகள். அண்ணி இடது கையில் இரும்பு வலைக் கையுறை போட்டு, வலது கையால் மின் கத்தியை நகர்த்திக்கொண்டிருந்தார். கத்தி கோட்டை விட்டு மயிரிழை நகரவில்லை. நாற்பது சட்டைகளின் தோள்கள் ஒரே வளைவில் பிரிந்து வந்தன. இரண்டு இளம் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். வீட்டில் அடுப்பு மேடையைத் துடைக்கும் அதே கையா இது?

கத்தியை அணைத்த பிறகுதான் அண்ணி அவளைப் பார்த்தார். முகம் மாறியது. "பொடிசுக்கு ஏதாச்சும்...?"

"இல்ல அண்ணி. நல்லாருக்கா. உங்களத்தான் பாக்க வந்தேன்."

மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். அவள் மலரை எடுத்ததுமே அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அதான் கேட்டாச்சேம்மா. ரெண்டு தரம்."

"என் வாயால ஒரு தரம் கேளுங்க அண்ணி."

அவள் தமிழில் வாசித்தாள். அகராதித் தமிழில் அல்ல, வீட்டில் பேசுகிற மாதிரி. "நம்ம வீடு. நாம இந்த வீட்ட அறை அறையாக் கட்டினோம். நாம சொவருக்குத் தண்ணி ஊத்தினோம். நெஜத்துல ஊத்தினது நீங்கதான் அண்ணி. மழ வந்தப்ப நாம ஒரே தார்ப்பாய்க்குக் கீழ நின்னோம். அவங்க சமைச்சாங்க. அவங்க கதவத் தெறந்தாங்க. எப்பவும் அவங்க அங்க இருந்தாங்க..."

வாசித்துக்கொண்டே அவள் விளக்கினாள். இங்கிலீஷில் 'வீ' என்பது ஒன்றுதான், சேர்த்துச் சொன்னாலும் அதுதான், ஒதுக்கிச் சொன்னாலும் அதுதான். ஃபோன் அதற்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டது என்றாள்.

"அப்ப அந்த 'அவள்'?" அண்ணியின் குரல் கரகரத்தது. "அவள் சமைத்தாள், அவள் தொறந்தாள்னு... வேலைக்கு வெச்ச ஆளச் சொல்ற மாதிரி."

"இங்கிலீஷ்ல மரியாதை கெடையாது அண்ணி. மகாராணிக்கும் அதே 'ஷீ'தான்."

"அப்ப மகாராணி பாடு திண்டாட்டந்தான்," என்றார் அண்ணி. உதட்டோரம் துடித்தது. அது சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

அங்கேயே நிறுத்தியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். அவளுக்கும் அது தெரியும். பையைத் தூக்கிக்கொண்டு, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் சிவப்புப் பேனாவால் எழுதிய ஐந்து வார்த்தைகள் பக்கத்திலேயே இருந்தன.

"இன்னும் இருக்கு அண்ணி. மொத்தம் முப்பத்தொண்ணு. இருபத்தாறு நாம. அஞ்சு நாங்க. அந்த அஞ்சுல ஃபோன் தப்பு பண்ணல."

ஒவ்வொன்றாக வாசித்தாள். மாடியறை. கடற்கரை. காய்ச்சல் வாரம். வேலையை விட்டது. கடைசியாகப் பெயர். அதை வாசிக்கும்போது எழுத்து கண்ணில் மங்கியது.

அண்ணி கையில் ஒட்டிய சுண்ணக்கட்டித் தூளைத் தேய்த்துத் தேய்த்து உதிர்த்தார்.

"பேரு விஷயமும் தெரிஞ்சுடுச்சா ஒனக்கு?"

"இன்னிக்குக் காலையிலதான் அண்ணி. 'வீ'ன்னு ஒரு வார்த்தயப் போட்டுத் தாண்டிப் போயிட்டேன். பதினோரு வருஷமா தாண்டிக்கிட்டேதான் இருந்திருக்கேன்."

"ஃபோன் சொன்னது முழுக்கப் பொய்னு தோணியிருந்தா அன்னிக்கே உன்ன ரெண்டு சாத்து சாத்தியிருப்பேன். என்னடி எழுதி வெச்சிருக்கேன்னு. நெஜமா இருக்குமோன்னு தோணிச்சு பாரு... அதான் வாய் எழல." முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "தப்புன்னு சொல்லி அழ வந்திருப்பன்னு நெனச்சேன். அஞ்சு நெஜம்னு சொல்லி அழற."

"மன்னிச்சுக்கங்க அண்ணி."

"மன்னிக்க என்ன இருக்கு. இருபத்தாறு பெருசா, அஞ்சு பெருசா? கணக்குல நான் வீக்குதான், ஆனா இது தெரியும்." அவளைத் தோளோடு இழுத்து அணைத்துக்கொண்டார். இரும்புக் கையுறை இன்னும் இடது கையில் இருந்தது. முதுகில் அது குளிர்ந்து அழுந்தியது. "ஆனா அந்த அஞ்சும் வலிச்சுது. அது வலிக்கலன்னு நான் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேணாம் அண்ணி."

"ஞாயித்துக்கிழமை எங்கயும் போகல. விடுதிக்காரிகிட்ட சொல்லிடறேன்." பிறகு கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா இதை விட மாட்டேன். நேத்து கத்திய கையில எடுத்தப்பதான்... பதினோரு வருஷம் ஒரு கைய மடக்கியே வெச்சிருந்த மாதிரி இருந்துச்சு."

அவள் பதில் சொல்ல ஒரு கணம் ஆனது. அந்த ஒரு கணத்தில் வெள்ளிக்கிழமையும் இரண்டு பரீட்சையும் அவள் கண் முன்னால் வந்து போயின.

"விடாதீங்க அண்ணி," என்றாள். "படிப்பு போனாப் போகட்டும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம். இந்தத் தடவ நாங்க நெனைக்கல. நீங்க சொல்லுங்க, நாம அப்படியே செய்வோம்."

"அதென்ன படிப்பு போறது? உன் புருஷனுக்குக் கை இல்லையா, கால் இல்லையா? ஊரு லிஃப்டெல்லாம் ஏத்தி எறக்கறான், ஒரு குக்கர எறக்க மாட்டானா?" அண்ணி எழுந்து படியில் துணித் தூசியைத் தட்டினார். "நான்தான் வளத்தேன். நானே சொல்லிக்கறேன்."

*

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு அவள் தொகுப்பைக் கொடுத்தாள். அந்த ஆங்கிலக் கட்டுரையில் 'வீ' ஒன்றுகூட இல்லை. முப்பத்தொரு இடத்திலும் தமிழ் எழுத்திலேயே நாம என்றும் நாங்க என்றும் எழுதி, முதல் பக்கத்தின் அடியில் இரண்டுக்கும் வித்தியாசத்தை நான்கு வரியில் விளக்கியிருந்தாள். இப்படிச் செய்யலாமா என்று முந்தின நாளிலிருந்தே அவளுக்குச் சந்தேகம்தான். மதிப்பெண் குறையலாம் என்று நோட்டில்கூட எழுதி வைத்திருந்தாள்.

ஓரம் மேடம் நின்றபடியே படித்தார். மூன்றாம் பக்கத்தில் பென்சில் தாள்வரை போய்த் திரும்பிவிட்டது.

"இதோட ஓரத்துல எழுத எங்கிட்ட ஒண்ணும் இல்ல," என்றார் வாயால்.

*

திங்கட்கிழமை காலை அடுக்களையில் லிஃப்ட் மெக்கானிக் நின்றுகொண்டிருந்தான். வாரத்தில் மூன்று நாள் காலை ஷிஃப்ட் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டான். அந்த மாலைகளில் பெண்ணைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. இன்றைக்கு அவனுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. நான்கு டப்பாவையும் வரிசையாக வைத்து, எதற்கு எந்த மூடி என்று தெரியாமல் விழித்தான்.

"அக்கா, இது கொஞ்சம் அடி புடிச்சுடுச்சு."

"மேலாக எடுத்துப் போடுப்பா. அடியில இருக்கறத நீ சாப்பிடு."

பெண் மேசையில் உட்கார்ந்து புது நோட்டுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். தன் பெயரை எழுதி, அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் இன்னொரு பெயரையும் எழுதினாள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இது என்னடா?"

"அத்தை எனக்கு நெனச்சு வெச்சிருந்த பேரு. நேத்துதான் சொன்னாங்க. நல்லாருக்குல்லம்மா?"

அவள் அந்தப் பெயரை இரண்டு தரம் படித்தாள். தாங்கள் வைத்ததைவிட நன்றாகவே இருந்தது.

அண்ணி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். முதல் பேருந்துக்கு இன்னும் ஏழு நிமிடம். பையில் அளவு நாடா, சுண்ணக்கட்டி, அடி பிடிக்காத டப்பா. இன்றைக்குக் கடைசியாக வெளியே போகிறவன் தம்பி. எழுந்து அவர் ஆணியைப் பார்த்தார்.

"டேய், பூட்டிட்டுப் போகும்போது எடுக்க மறந்துடாத. ஆணியிலதான் இருக்கு."

"எது?"

அண்ணி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகுதான் சொன்னார்.

"நம்ம வீட்டுச் சாவி."